சீட்டுக் கம்பியில் ஒரு சிவப்புப் புள்ளி

சீட்டு மறுபடியும் இறங்கியிருந்தது.

மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்கும் யாருக்கும் வேண்டாத ஒரு பழைய பீரோவுக்கும் நடுவில் சைக்கிள் நின்றது. முன்சக்கரம் சுவரைப் பார்த்தபடி. பூட்டு பூட்டியபடி, அதன் நாலு எண்களும் பூஜ்யத்தில். நேற்று மாலை எப்படி விட்டுப் போனாளோ அப்படியேதான் எல்லாம். சீட்டு மட்டும் ஒரு விரல் கீழே. நேற்றுக் காலை அரை விரல் மேலே இருந்தது. அதற்கு முந்தின நாள் மறுபடி கீழே. மூன்று வாரமாக இதே கதை.

வேறு யாராவதாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள். இவளுக்கு அது தொழில்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் உள்ளறையில் வேலை. ஒவ்வொருவர் கண்ணும் கண்ணாடியில் எந்த இடத்தில் விழுமோ, அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியைக் கணக்கில் வைத்துத்தான் லென்ஸை வெட்டுவார்கள். அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் போட்டவருக்குத் தலைவலி, கடைக்கு வசவு. பதினோரு வருஷமாக அவள் வைத்த புள்ளி எதுவும் தள்ளிப் போனதில்லை. அதனால் கடையில் அவளுக்குப் புள்ளி என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆள் பேசுவதும் அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு ஒரு சொல், பிறகு ஒரு புள்ளி.

அப்படிப்பட்டவள் சைக்கிள் வாங்கியது ஊர் வாங்குகிறதே என்பதற்காக அல்ல. ஊர் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. கடை வாசலில் போன வருஷம் இரண்டு சைக்கிள் சாய்ந்திருக்கும். இந்த வருஷம் முதலாளி இரும்புக் குழாய் நட்டு, பதினாலு சைக்கிளுக்கு இடம் போட்டுவிட்டார். வரி ஆபீஸ் அதிகாரி ஹெல்மெட்டோடு வந்து, காற்றில் கழன்று விழாத கண்ணாடி வேண்டும் என்று கேட்கிறார். பல் டாக்டர் அம்மா தோள்பையை முதுகில் கட்டிக்கொண்டு மிதித்துப் போகிறார். புள்ளியின் கதை வேறு. கடைக்குப் போகிற சாலையைத் தோண்டியதில் பஸ் வழி மாறிப்போனது. கணவன் தன் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிடுவான். ஆனால் அவன் லிப்ட் மெக்கானிக். எட்டு மணிக்கு எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டிருப்பார்களோ, ஏழரைக்கே கிளம்பிவிடுவான். கடை திறப்பது ஒன்பதரைக்கு. இரண்டு மணி நேரம் மூடிய ஷட்டருக்கு முன்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு பச்சை சைக்கிள் வீட்டுக்கு வந்தது.

வாங்கிய பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டிலிருந்து கடைக்கு அரை மணி நேரம். வீட்டில் கண் விழித்தால் சாவி எங்கே, சட்டை எங்கே, குடிக்கச் சுடுதண்ணி எங்கே. கடையில் என் கண்ணாடி எப்போது ரெடி, அவர் கண்ணாடி ஏன் இன்னும் ரெடியாகவில்லை. நடுவில் இந்த அரை மணி நேரத்தில் மட்டும் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. மிதிக்க வேண்டியது, போக வேண்டியது. தொப்பை குறைந்தது, ராத்திரித் தூக்கம் வந்தது, அதெல்லாம் கூடுதல் லாபம். அந்த அரை மணி நேரத்தை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

சைக்கிள் வந்த அன்று கருத்துச் சொன்னது ஒரே ஒரு ஆள். கணவனின் அக்கா.

அவளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், ஆறு வருஷமாக. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. ஐம்பத்தொரு வயது, குள்ளமான உருவம், யாரையும் நிமிர வைக்கிற குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்கள் எல்லாருமே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார்கள். புள்ளிக்கும் நாத்தனாருக்கும் சண்டை கிடையாது. சண்டை போடவும் ஒரு பேச்சு வேண்டுமே.

அன்று நாத்தனார் சைக்கிளைச் சுற்றி வந்தாள். மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தாள்.

"ஏம்மா, முப்பத்தெட்டு வயசுல இதெல்லாம் தேவையா? விழுந்து கிழுந்து வச்சா என்கிட்ட வராத. எங்க லேப்ல எலும்பு பாக்க மாட்டாங்க. ரத்தம் மட்டும்தான்."

"சரி அண்ணி," என்றாள் புள்ளி. அதோடு முடிந்தது.

இப்போது விழவும் இல்லை, கிழவும் இல்லை. முட்டிதான் வலித்தது. முதலில் இடது முட்டி, பிறகு வலது. படி ஏறும்போது உள்ளே யாரோ மணலைத் தூவியது மாதிரி இருந்தது.

"ராத்திரி குளிருது பாரு," என்றான் கணவன். "இரும்பு சுருங்கும். சீட்டு இறங்கும்."

"நேத்து ஏறியிருந்துச்சேங்க."

"அது விரிஞ்சிருக்கும்."

"குளிர்லயா?"

"குளிர் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா? எங்க லிப்டுல பாரு, ஒரு நாள் தரையோட சரியா நிக்கும், ஒரு நாள் ஒரு அங்குலம் மேல நிக்கும். கம்பி வேலை. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. பேசாம என் பின்னாடி உக்காந்து வந்துடு. ரெண்டு மணி நேரம்தானே, ஒரு புஸ்தகம் எடுத்துக்கோ."

அவன் நல்லதற்குத்தான் சொன்னான். அவளுக்குப் பகீரென்றது.

கட்டடத்துப் பிள்ளைகள் எடுத்து ஓட்டுகிறார்களோ என்றும் யோசித்துப் பார்த்தாள். ஆனால் பூட்டு? எண் தெரியாமல் யார் திறப்பார்கள்? திறந்தாலும் நாலு எண்ணையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைக்கிற ஒழுங்கு எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெடல் அண்ணன் கடைக்குப் போனாள். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. காலையில் மிதிக்கிறவர்கள் கூட்டம் பெருகியதிலிருந்து ஐந்தரைக்கே கடையைத் திறந்துவிடுகிறார். எப்போதும் குனிந்தே இருப்பார்.

"சீட்டு நிக்க மாட்டேங்குதுங்க. நல்லா இறுக்கிக் குடுங்க."

அவர் நிமிரவில்லை. "போன வாரம் லூசு பண்ணச் சொன்னீங்க."

"நானா? நான் காத்தடிக்க வந்தே ஒரு மாசம் ஆச்சு."

"இந்த வண்டிதாங்க. பச்சை. மணி மேல கீறல். சீட்டுக்குக் கீழ இருக்கிற பிடிய திருப்ப முடியல, கை நோவுது, லூசு பண்ணுய்யான்னு விடியறதுக்குள்ள வந்து உசுர வாங்கிட்டுப் போனீங்க."

"அது வேற யாராவது இருக்கும்ணே."

"நான் மூஞ்சிய மறப்பேன். வண்டிய மறக்க மாட்டேன்."

"என் மூஞ்சிய ஒரு தடவை பாருங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நன்றாகப் பார்த்தார்.

"இருக்கலாம்," என்றார். "இல்லாமலும் இருக்கலாம். இப்ப லூசா, டைட்டா?"

"டைட்டு."

"அப்புறம் வந்து லூசுன்னு சொல்லக் கூடாது."

இந்த வருஷம் ஊரில் பச்சை சைக்கிள் மட்டும் நூறு இருநூறு இருக்கும், கீறல் விழாத மணியும் உண்டா என்ன, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமை சீட்டு ஒன்றரை விரல் கீழே இருந்தது. இதுவரை இவ்வளவு இறங்கியதே இல்லை.

இதற்குப் பிறகுதான் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை சீட்டு இருக்கிற இடத்திலேயே இருக்கிறதோ? மாறுவது தானோ? சில பேருக்கு உடம்பு குறுகும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். ஆனால் குறுகிய உடம்பு மறுநாள் நீளுமா? கடையில் பில் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு, எழுத்துப் பலகை மாட்டியிருக்கிற சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

"தலைக்கு மேல ஒரு கோடு போடு."

"எதுக்குக்கா? இன்னும் வளருவீங்கன்னு பாக்கவா?"

"போடேன்."

மூன்று நாள் போட்டார்கள். மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கோடாகத் தடித்தது. பில் போடுகிற பெண் அதைப் பார்த்துவிட்டு, "வளரவும் இல்ல, குறையவும் இல்ல. வயசுக்கு வந்த கோடுக்கா," என்று சிரித்தாள். புள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பும் மாறவில்லை, பூட்டும் மாறவில்லை, இரும்பும் இறுக்கியாயிற்று. பின்னே எதுதான் மாறுகிறது?

முட்டி டாக்டர் அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் கெட்டுப்போகல. சீட்டு உயரம் சரியா வச்சிருக்கீங்களா?"

"அதுதான் டாக்டர் தெரியல."

"தெரியலன்னா? உங்க வண்டிதானே?"

அவள் காலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"பத்து நாள் பாருங்க. வலி குறையலேன்னா சைக்கிள விட்டுடணும். வேற வழியில்ல."

அன்று மாலை கடையை விட்டுக் கிளம்பும்போது சிவப்பு மைப் பேனாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மாடிப்படிக்கு அடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, முட்டி முனக, சீட்டைத் தன் உயரத்துக்குச் சரியாக வைத்தாள். சீட்டைத் தாங்குகிற கம்பி குழாய்க்குள் நுழைகிற இடத்தில், விளிம்பை ஒட்டி, ஒரு புள்ளி வைத்தாள். பதினோரு வருஷத்துப் புள்ளி. இனி சீட்டு ஒரு நூல் அசைந்தாலும் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை சீட்டு புள்ளியிலேயே நின்றது.

அதற்கு மறுநாளும். அதற்கும் மறுநாள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், விரல் நகத்தால் தடவிப் பார்த்தாள். விளிம்பை ஒட்டி, மயிரிழை பிசகாமல், அதே இடத்தில். ஐந்து நாள் இப்படி. முட்டிக்குள் இருந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளுக்கு முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது. ஒரு சொட்டு மை எப்படி இரும்பைப் பிடித்து நிறுத்தும்?

"பாத்தியா," என்றான் கணவன். "நான் சொன்னேன்ல."

"என்ன சொன்னீங்க?"

"குளிர் போயிடுச்சு."

ஆறாம் நாள் காலை சீட்டு புள்ளியில்தான் இருந்தது. ஆனால் அதே கம்பியில், புள்ளிக்கு நாலு விரல் மேலே, வெள்ளையாக ஒரு வளையம். காகிதம் மாதிரி மெல்லிய பிளாஸ்டர். சுற்றி, ஓரத்தைப் பல்லால் கிழித்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியிருந்தது.

புள்ளி அதைத் தொடவில்லை. படியின் கடைசிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பிளாஸ்டர் அவளுக்குத் தெரியாததா? ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டுகிறது. வீடு பூராவும் அதுதான். சமையலறை டப்பாக்களில் அதை ஒட்டித்தான் உப்பு, சர்க்கரை என்று எழுதியிருக்கும். பிய்ந்த சார்ஜர் ஒயரில் அதுதான் சுற்றியிருக்கும். நாத்தனாரின் மூக்குக்கண்ணாடி உடைந்தபோது, வீட்டிலேயே கண்ணாடிக் கடைக்காரி ஒருத்தி இருக்கிறாளே என்று கேட்காமல், அதைத்தான் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

கம்பி எவ்வளவு தூரம் குழாய்க்குள் இறங்குகிறதோ அவ்வளவு சீட்டு தாழும். வளையம் வரைக்கும் இறக்கினால் குள்ளமான ஒருத்திக்குச் சரியாக இருக்கும். ஓட்டிவிட்டு, பூட்டை, சக்கரத்தை, எண்களை எல்லாம் இருந்தபடி வைத்துவிட்டு, சீட்டை மட்டும் இருட்டில் குத்துமதிப்பாக ஏற்றியிருக்கிறாள். இவள் புள்ளி வைத்ததும் அவளுக்கும் அடையாளம் கிடைத்துவிட்டது. தன் பங்குக்கு அவளும் ஒன்று வைத்துவிட்டாள்.

நாலரைக்கே எழுந்து மொட்டை மாடியில் நடக்கிறேன் என்று நாத்தனார் சொல்லிக்கொள்வது நினைவுக்கு வந்தது. எத்தனை நாளாக? தேவையா என்று கேட்டவள் எதற்காக ஓட்டுகிறாள்? ஓட்டுகிறவள் ஏன் கேட்கவில்லை? கோபப்பட வேண்டுமா? பட்டால் யாரிடம்? அன்று கடையில் அவள் வைத்த புள்ளிகளைப் பார்த்து முதலாளி லென்ஸைத் தூக்கிப் பிடித்தார்.

"புள்ளி, இது யாருக்கும்மா? ஒரு கண்ணு இங்க, ஒரு கண்ணு அங்க. மீனுக்கா?"

பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தப்பு.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டாம் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். கீழே தெருவில் இன்னும் விளக்கு எரிந்தது. வேலைக்குப் போடுகிற வெள்ளை ஷூவோடு நாத்தனார் சைக்கிளை வெளியே தள்ளி வந்தாள். ஏறினாள். தடுமாற்றம் ஒன்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, முடிதிருத்தும் கடையைத் தாண்டி, மறுபடி தொட்டியைச் சுற்றி வந்தாள். ஆளே இல்லாத திருப்பத்தில் மணி அடித்தாள். எதிரே உடற்பயிற்சிக்காக மிதித்து வந்த இரண்டு பேர் கையைத் தூக்க, இவளும் கையைத் தூக்கினாள். அந்த முகத்தை வீட்டுக்குள் புள்ளி ஒரு நாளும் பார்த்ததில்லை. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. யாரும் எதையும் கேட்காதபோது ஒரு முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

புள்ளி கீழே இறங்கினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

நாத்தனார் சைக்கிளை உள்ளே தள்ளி வந்து, சீட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, உடைந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சிவப்புப் புள்ளியைத் தேடினாள். பிறகுதான் படியில் நின்ற ஆளைப் பார்த்தாள். முகம் சட்டென்று வீட்டு முகமாகிவிட்டது.

"என்ன, பூட்டு நம்பர மாத்தப் போறியா?"

"இல்ல அண்ணி." அப்புறம், "நம்பர் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"உன் புருஷன் பொறந்த தேதி. என் தம்பி பொறந்தது எனக்குத் தெரியாதா? ஆசுபத்திரி வாசல்ல காலையிலேருந்து காத்துக் கிடந்தவ நான்."

புள்ளி குழாய் விளிம்பைப் பார்த்தாள். சீட்டு இன்னும் வெள்ளை வளையத்தில்தான் இருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும். அதான் கேக்கல."

"புரியல அண்ணி."

"என்ன புரியல? கேட்டா நீ சரிம்ப. அப்புறம் உன் புருஷன் ஏன்க்கான்னு கேப்பான். உடம்புக்கு என்ன, எத்தன சுத்து, தனியா போறியே பயமா இல்லையா, நானும் வரட்டான்னு கேப்பான். லேப்ல ஒருத்தி சாப்பிட்டாச்சான்னு கேப்பா, ஒருத்தர் வலிக்குமான்னு கேப்பார். நாள் பூரா பதில் சொல்லியே தொண்டை வத்துது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இந்த அரை மணி நேரம்தான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இப்ப நீ வந்துட்ட."

புள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வாயில் இருந்ததை யாரோ எடுத்துப் பேசியது மாதிரி இருந்தது. அது தன்னுடையது என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தாள்? எடுத்துக்கொண்டு போய்விட்டாளா, அல்லது இரண்டு பேருக்கும் தனித்தனியாகவே இருந்ததா? அவள் வாய் வரைக்கும் ஒன்பது கேள்விகள் வந்து நின்றன. எப்போது கற்றுக்கொண்டீர்கள், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள், பெடல் அண்ணனிடம் போனது நீங்கள்தானே, என் முட்டி வலித்தது தெரியுமா. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். கடைசியில் வெளியே வந்தது இவ்வளவுதான்:

"பின்பிரேக் கீச்சுன்னு கத்துதே. உங்களுக்கும் கேக்குதா?"

நாத்தனார் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"தொட்டிகிட்ட திரும்பும்போது கத்துது," என்றாள்.

"எனக்குப் பாலத்து இறக்கத்துல."

"ம்."

நாத்தனார் பிடியைத் தளர்த்தி, சீட்டைச் சிவப்புப் புள்ளி வரைக்கும் ஏற்றி, பூட்டை மாட்டி, எண்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படி ஏறினார்கள். மேலே கணவன் பல் தேய்த்துக்கொண்டே, "என்னக்கா, ரெண்டு பேரும் மொட்டை மாடியிலேருந்தா வரீங்க?" என்றான். ஒருத்தி சமையலறைக்குப் போனாள், ஒருத்தி குளியலறைக்கு.

அன்று மாலை சைக்கிளை நிறுத்தியபோது புள்ளி பிடியைத் தளர்த்தி, சீட்டை வெள்ளை வளையம் வரைக்கும் இறக்கினாள். விடிகாலையில் குனிந்து தேட வேண்டாமே. பிறகு, இது குத்திக்காட்டுவது போல ஆகிவிடுமோ என்று தோன்றியது. மறுபடி ஏற்றினாள். ஏற்றிவிட்டால், தெரிந்தும் தெரியாதவள் போல இருக்கிறாள் என்று நினைப்பாளோ? மறுபடி இறக்கினாள். எது உதவி, எது வம்பு என்று ஒரு அளவு போட்டுத் தருகிற கருவி எந்தக் கடையிலும் கிடையாது.

"என்ன, இன்னும் ஏறல?" என்று மேலிருந்து கணவனின் குரல்.

"வரேங்க," என்றாள். கை இன்னும் பிடியின்மேல் இருந்தது. சீட்டு அப்போது வளையத்தில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

காலையில் வந்து பார்த்தபோது சீட்டு புள்ளியில் நின்றது, மயிரிழை பிசகாமல். பூட்டு பூஜ்யத்தில். சக்கரம் சுவரைப் பார்த்தபடி. அவள் ஏறி மிதித்தாள். பாலத்து இறக்கத்தில் பின்பிரேக்கைப் பிடித்தாள்.

சத்தமே வரவில்லை.

நிறுத்திக் குனிந்து பார்த்தாள். பிரேக்குக் கட்டைக்குப் பக்கத்தில் அழுத்தித் துடைத்த பஞ்சின் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட்ட இடத்தில் வைக்கிற பஞ்சு. சாயங்காலம் நன்றி சொல்லலாமா, சொன்னால் அது கேள்வி மாதிரி ஆகுமா என்று யோசித்தபடி பாலத்தை இறங்கினாள். கடை வந்துவிட்டது. முடிவு வரவில்லை.